ஓட்டையில்லாத ஜாடி

எனக்கு வாதம் வந்தது, தெத் என்கிற வியட்நாம் புத்தாண்டுப் பண்டிகையில் சண்டை நடந்த வருஷம். குண்டுச் சத்தத்தில் பயந்துதான் ஜெனேவியேவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சைகோனில் மிச்சமிருந்த தமிழர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். குண்டுச் சத்தத்துக்கு நான் பயந்தவளே இல்லை. அன்றைக்கு அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புளி போதுமா என்று பார்க்கக் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டேன். புளிப்புத் தெரியவில்லை. கரண்டி கீழே விழுந்தது, அதன் பின்னாலேயே நானும் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தபோது வலது கையும் வலது காலும் யாருடையவோ போல் கிடந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பேச்சும் போய்விட்டது. மனசுக்குள் எல்லாம் இருந்தது. சொல் இருந்தது, கோபம் இருந்தது, கேலி இருந்தது. தொண்டை வரைக்கும் வரும், அதற்குமேல் வழி கிடையாது. வாயைத் திறந்தால் 'ம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காரைக்காலில் எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயந்து மீன்காரி எடையில் கை வைக்கமாட்டாள். அந்த வாய்க்கு வந்த கதி இது.

என் வீட்டுக்காரர் அகுஸ்தேன் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. கேள்வியும் கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "காப்பி வேணுமா? வேணாம், உனக்குப் பித்தம். கஞ்சி தரட்டா? கஞ்சிதான் நல்லது." முன்பெல்லாம் முதல் கேள்வி முடிவதற்குள் நான் குறுக்கே விழுந்து என் பதிலைச் சொல்லிவிடுவேன். அதனால் இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பழக்கம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படுத்த பிறகுதான் தெரிந்தது. குறுக்கே விழ ஆள் இல்லாமல் அவர் பாட்டுக்குக் கேட்டு, அவர் பாட்டுக்குப் பதில் சொல்லி, என் நாள் முழுவதையும் அவரே நடத்தி முடித்துவிடுவார்.

எங்கள் வீடு பென் தான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை. பெரிய அறையில் தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் என் கட்டில். காலையும் மாலையும் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் மணி கேட்கும். மற்ற நேரமெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம். நான் பார்க்க முடிந்தது ஜன்னல் இருந்த சுவரையும் அந்த ஜன்னலையும், ஜன்னலில் இருந்த என் கொடியையும்தான்.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டுச் செடி என்றால் உடனே அதுதான் அவளுக்குப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அப்படியெல்லாம் கிடையாது. செடி செடிதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் காத்திருந்தபோது, அங்கே அலமாரி மேலிருந்து வழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலை மாதிரி இலை, நடுவில் மஞ்சள் தீற்றல். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. கைக்குட்டை எடுக்கிற சாக்கில் ஒரு நுனியைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்கள் அதை 'த்ராவ் பா' என்பார்கள். நான் கொடி என்றுதான் சொல்வேன்.

பால் டின் ஒன்றை எடுத்து, அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, மண் நிரப்பி நட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பெரிய பாடு ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் திரும்பிப் போய்விடுவேன். காய்ந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் விடுவேன். மழைக்காலத்தில் பத்து நாளானாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன். கொடிகளில் சில, நாம் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் நன்றாக வளரும். இதை நான் இவருக்குச் சொன்னதே இல்லை. செடி பக்கம் திரும்பிப் பார்த்திராத மனுஷரிடம் எதற்குச் சொல்வது?

நான் படுத்ததும் இவர் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். வேலை செய்துகொண்டிருந்த பெண் சண்டைக்குப் பயந்து மீத்தோ ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று வெள்ளையம்மை ஆச்சி வந்து சொன்னாள். கோயில் காரியம் பார்க்கும் செட்டியார் வீட்டம்மா அவள். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்கு வர்ற பொம்பளைக்கு ஒரு தங்கச்சி இருக்கா. கையிலே சுத்தம் உண்டு. குளிப்பாட்ட, தூக்கி வைக்க, எல்லாம் செய்வா. வரச் சொல்லட்டுமா?"

"வேணாம் ஆச்சி. வேத்தாளு கை அவ மேல படக்கூடாது. நான் இருக்கேன்ல? நானே பாத்துக்குறேன்."

அவள் வரட்டும் என்று நான் இடது கையைத் தூக்கி ஆட்டினேன். இவர் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து, "பாத்தீங்களா, அவளுக்கும் நான்தான் வேணுமாம்" என்றார். ஆச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று பேசாமல் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இவர் நேரே சீனர்கள் கடை வைத்திருக்கிற சோலோனுக்குப் போனார். மத்தியானம் சீக்லோ வண்டியில் ஒரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பச்சை மெருகு போட்ட ஜாடி, விளிம்பைச் சுற்றிப் பூவேலை. காய் ஊறப்போட சீனர்கள் வைத்துக்கொள்கிற ஜாடி அது. பார்க்க அழகுதான். ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு அதை வைத்தார். பால் டின்னை வெட்டிக் கொடியை வெளியே எடுத்து, புது மண் போட்டு அதில் நட்டார். டின்னைக் குப்பையில் போட்டார். அடியில் ஓட்டை இல்லை என்பது ஜாடியைத் தூக்கி வைத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை.

பிறகு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஜெனி, மாதாகிட்ட ஒண்ணு நேந்துக்கிட்டேன். இந்தக் கொடியைச் சொவத்துல ஏத்தி விடப்போறேன். செப்டம்பர்ல வர்ற மாதா திருநாளுக்குள்ள அது உன் தலைமாட்டுக்கு வந்துடணும். வந்துடுச்சுன்னா நீ பேசிடுவே. வெள்ளியிலே நாக்கு செஞ்சு வேளாங்கண்ணிக்கு அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்."

கை கால் கேட்காமல் நாக்கைக் கேட்டாரே. "இந்த நாக்கை எவன் கட்டுறது" என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்பியவர். அந்த நாக்குத்தான் திரும்ப வேண்டும் என்று மாதாவிடம் மடியேந்தி நிற்கிறார். அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டு, வலிக்கத்தான் செய்யும் என்று அவரே சொல்லி, கால் பிடித்துவிட்டார்.

அடுத்த வாரமே சுவரில் ஆணிகள் ஏறின. ஜன்னல் மேலிருந்து புறப்பட்டு, பீரோவைத் தாண்டி, திரு இருதயப் படத்தைச் சுற்றி, என் கட்டில் வரைக்கும். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு நூல். கொடி வளர வளர நூலால் தளர்த்திக் கட்டுவார். குமாஸ்தா வேலை பார்த்த கை அல்லவா, ஆணிகளெல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. வெள்ளியில் நாக்கையும் முன்கூட்டியே செய்து வாங்கிவிட்டார். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். மாதாவின் காலடியில் வைத்திருந்தார். காலையில் கண் விழித்தால் அது மினுங்கும்.

முதலில் கொடி நன்றாகத்தான் ஓடியது. புது மண் தின்று இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. பீரோவைத் தாண்டிய அன்றைக்கு இவர் எனக்குப் பாயசம் வைத்தார். அடிபிடித்த பாயசம். நான் முழுவதும் குடித்தேன்.

ஆனால் வளர்கிற பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்று இவர் மனசில் விழுந்துவிட்டது. காலையில் அரிசி கழுவின தண்ணீர். வெள்ளிக்கிழமை மீன் கழுவின தண்ணீர். சனிக்கிழமை மாதா கோயில் தீர்த்தம். இடையில் வெள்ளையம்மை ஆச்சி வந்து ஜாடியை எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஊருல கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்துவாக அண்ணே. தளதளன்னு வரும். இதுக்கும் ஊத்திப் பாருங்களேன்."

முற்றத்தில் வெயில் குடித்து நிற்கிற மரத்துக்கும் அறைக்குள் நிழலில் கிடக்கிற கொடிக்கும் ஒரே வைத்தியமா? ஆனால் நம் ஜனங்களுக்குச் செடி என்றால் கறிவேப்பிலை, முருங்கை, வாழை. அடுப்படியில் மிஞ்சியதெல்லாம் அதற்குத்தான் என்று வளர்ந்தவர்கள். எங்கள் காரைக்கால் வீட்டிலும் கொல்லைப்புறத்தில் அப்படித்தான். மழை, வெயில், தண்ணீர் வடிகிற மண், எல்லாம் சேர்ந்து அங்கே சரிசெய்துவிடும். மெருகு போட்ட ஜாடிக்குள் எதுவும் எங்கும் போகாது. இவர் இங்கே மாடு வைத்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவரிடம் பால் வாங்கி, தயிர் உறையவிட்டு, மோராக்கி, புளிக்கவைத்து ஊற்றினார். அறை முழுவதும் புளித்த நாற்றம். எனக்கு மோந்து பார்க்க மட்டும் மூக்கு நன்றாக வேலை செய்தது.

மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. ஜாடி மண் எப்படிக் காயும்?

ஜாடிப் பக்கத்திலிருந்து இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. முதலில் நான்தான் பார்த்தேன். வேறு என்ன வேலை எனக்கு? முதல் இலை மஞ்சளானதும் இவர் அதைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், நான் பார்க்கக்கூடாதென்று. "பசி எடுத்துடுச்சு போல" என்று இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினார். அடுத்த வாரம் நாலு இலை. இன்னும் மோர்.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் செம்பை எடுத்தாலே தலையை இடமும் வலமும் ஆட்டினேன். கையை நீட்டி நிறுத்து என்று காட்டினேன். கட்டில் சட்டத்தைத் தட்டினேன். ஒருநாள் அவர் செம்போடு நின்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிறேன் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை.

"ஊத்த வேணாங்குறியா? வாடிப்போய் நிக்குது, ஊத்த வேணாங்குறே. நோவுல கிடக்குறவளுக்கு என்ன தெரியும்? நீ பேசாம இரு. நான் பாத்துக்குறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பேசாமல் இருப்பதைத் தவிர நான் வேறு என்னத்தைச் செய்துகொண்டிருக்கிறேன்? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, என்னைத் தூக்கி நாற்காலியில் வைக்கும்போது இவர் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். நான் அவர் மேல் கிடந்தேன். எழுந்திருக்க அவருக்கு முடியவில்லை, நகர எனக்கு முடியவில்லை. உதவிக்குக் கூப்பிட அவர் ஒருவருக்குத்தான் வாய் இருந்தது. அவரோ வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடவில்லை. "இதோ எந்திரிச்சுடுறேன், இதோ எந்திரிச்சுடுறேன்" என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். வெள்ளையம்மை ஆச்சி பிரசாதம் கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து தூக்கினாள்.

அதற்குப் பிறகுதான் கன்னியாஸ்திரிகள் இல்லத்துப் பேச்சு வந்தது. ஊருக்கு வெளியே, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். அங்கிருந்து மசேர் மார்கரித் என்கிற கன்னியாஸ்திரி வந்து என்னைப் பார்த்தார். நல்ல பெண்மணிதான். குரலில் சர்க்கரை தடவியிருக்கும். ஆனால் என் தலைக்கு மேலாக இவரிடமே பேசினார்.

"சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறா."

"தூங்குறாங்களா?"

"தூங்குறா, மசேர்."

"ஞாபகம் இருக்கா, யாரையாவது அடையாளம் தெரியுதா?"

அதற்கு இவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்தேன். சொல்லுங்கள், எல்லாம் தெரியும் என்று சொல்லுங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சில நேரம் தெரியுற மாதிரி இருக்கு" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் ஆழமாகப் போய்க் குத்தியது. இந்த ஆறேழு மாதமாக அவருக்கு நான் யாராக இருந்தேன்?

"மாதா திருநாள் வரைக்கும் பாக்குறேன், மசேர்" என்றார் வாசலில். "அதுக்குள்ள ஒரு மாத்தம் தெரிஞ்சா இங்கேயே வெச்சுக்குறேன். இல்லேன்னா கூட்டிக்கிட்டு வந்துடுறேன்."

மாற்றம் எதில் பார்க்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் இல்லை. அந்தக் கொடியில்.

ஆக, என் விதி அந்த ஜாடிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இல்லத்துக்குப் போக விருப்பமில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. இது என் வீடு. இந்தச் சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவார் என்று எனக்குத் தெரியும். நான் போய்விட்டால் இவர் வாரத்துக்கொருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவார். கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டுப் போவார். தெரியாதவர்கள் நடுவில் ஒரு 'ம்' ஆகச் செத்துப்போவேன்.

அன்றிலிருந்து கொடியை நான் பார்த்த பார்வை வேறு. திரு இருதயப் படத்தைச் சுற்றிவிட்டது. என் தலைமாட்டுக்கு ஒரு முழம்தான் பாக்கி. அங்கேயே நின்றுவிட்டது. நுனியில் ஓர் இலை பாதி சுருண்டபடியே விரியாமல் நின்றது. ஜாடிப் பக்கம் ஒற்றை இலை இல்லை, வெறும் தண்டு, அதுவும் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் நுனிப்பக்கம் நாலைந்து இலை இன்னும் பச்சை. கணுவுக்குக் கணு குட்டி வேர் நீட்டிக்கொண்டு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பு இங்கே வருவதற்குள் யாராவது வெட்ட வேண்டும். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் பார்த்துக் கிடந்தேன்.

திருநாளுக்கு முந்தின நாள். மத்தியானம் மழை பிடித்துக் கொட்டியது. இவர் என் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் துடைத்தார். அலமாரியைத் திறந்து என் சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தார். மடிக்கத் தெரியாது. ஓரம் ஓரத்தோடு சேராமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஜெபமாலையை வைத்தார். மாதா காலடியிலிருந்த வெள்ளி நாக்கை எடுத்துப் பார்த்தார். அதையும் கைக்குட்டையில் முடிந்து பெட்டியில் வைத்தார்.

"அங்க தினம் டாக்டர் வருவாங்களாம். நல்லாப் பாத்துப்பாங்க. உனக்கும் சௌகரியம்தானே? சௌகரியம்தான்."

பிறகு சுவரைப் பார்த்தார். நூல்கள் தொங்குகிற வெறுந்தண்டைப் பார்த்தார். அவர் வாய் கோணியது. ஜன்னலோரம் போய் முதல் நூலை அறுத்தார். அடுத்ததையும் அறுத்தார். பீரோ மேலிருந்ததைக் கையாலேயே பிடித்து இழுத்தார். இத்தனை மாதம் ஒவ்வோர் அங்குலமாக ஏற்றியதை ஒரேயடியாக இறக்கினார். கொடி ஆணிகளிலிருந்து சரிந்து வந்து, அதன் நுனி என் மார்மேல் விழுந்தது.

இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

அவர் அந்தப் பக்கம் இழுத்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"விடு ஜெனி."

நான் விடவில்லை.

"செத்துப்போச்சு புள்ள. விட்டுடு. எனக்கு மட்டும் ஆசையா?"

விடுவேனா? தேர்வடம் பிடித்த மாதிரி அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இருந்த ஒரு கையின் பலம் முழுவதையும் அதில் வைத்தேன். அவர் அழுதுகொண்டே இழுத்தார். நடுவில் எங்கோ கறுப்பு முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் பட்டென்று அறுந்தது. அவர் கையில் செத்த தண்டு. என் கையில் நாலு இலையும் நாலைந்து வேர்க் கணுவும், அந்தச் சுருண்ட குருத்தும்.

கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் என் தண்ணீர் கிளாஸ் இருந்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை. தோளை உந்திப் பார்த்தேன். உடம்பு பாதி கட்டிலுக்கு வெளியே வந்தது. அவர் ஓடி வரப் பார்த்தார். 'ம்!' என்று ஒரு சத்தம் போட்டேன். அப்படியொரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி உந்தினேன். அறுந்த முனை கிளாஸின் விளிம்பில் இடித்து, வழுக்கி, பாதித் தண்ணீர் சிந்தி, கடைசியில் உள்ளே இறங்கியது. இலைகள் விளிம்பில் சாய்ந்து நின்றன.

பிறகு ஜாடியைக் காட்டினேன். விரலைக் கீழ்நோக்கிக் காட்டினேன். கீழே, கீழே.

அவர் மெதுவாகப் போய் ஜாடியைத் தூக்கப் பார்த்தார். இடுப்பு வலித்தவர், தண்ணீர் பாரம் வேறு. தூக்க முடியாமல் சாய்த்தார். மேல் மண் சரிந்தது, பின்னால் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று தரையெல்லாம் ஓடியது. மாதக்கணக்கில் ஊற்றிய மீன் தண்ணீரும் மோரும் தீர்த்தமும் எல்லாம் அதில் இருந்தன. நாற்றம் தாங்கவில்லை. ஜாடி அவர் கையிலிருந்து நழுவி ஸ்டூல் காலில் மோதி இரண்டாகப் பிளந்தது. வேர் என்று எதுவும் இல்லை, கூழாக இருந்தது.

அடிப்பாகத்தைக் கையில் எடுத்துத் தடவினார். விரலால் தேடினார். மெருகு வழவழவென்று இருந்தது.

"டின்னுல ஓட்டை போட்டிருந்தியே" என்றார். "ஆணியால நீதானே போட்டே. வெட்டி எடுக்கறப்ப கண்ணால பாத்தேனே நான்."

அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் நனைந்தது. உடைந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம் வேணாம்னு சொன்னியே. தலையை ஆட்டினே. கட்டிலத் தட்டினே." அவர் குரல் உடைந்தது. "நீ பேசிக்கிட்டேதான் இருந்திருக்கே ஜெனி. நான்தான்..."

அழுதுவிட்டார். நானும் அழுதேன். மழை ஜன்னல் கட்டையில் அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. கோயில் பக்கம் யாரோ மணியடித்தார்கள். அவரைத் திட்ட வேண்டும் என்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தத் தண்ணீரோடு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். கையைக் கழுவினார். முக்காலி விளிம்பில் நின்றுகொண்டிருந்த கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தார். விழுந்துவிடாதபடி நல்ல இடமாக வைக்க வேண்டுமே.

"இத எங்க வைக்கட்டும் ஜெனி? ஜன்னல்ல வெச்சா வெளிச்சம் படும், ஜன்னல்லயே..."

வாயை மூடிக்கொண்டார். கிளாஸைப் பிடித்தபடி நின்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், நின்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இப்படிக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. அந்த நிற்பைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ அசைந்தது. தொண்டை வரைக்கும் வந்தது, வழக்கம்போல் அங்கே நின்றது. அவர் அவசரப்படவில்லை. உதவிக்கு வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. மறுபடி திறந்தேன்.

"இங்... க."

குளறலாகத்தான் வந்தது. ஆனால் சொல். முழுச் சொல். இடது கையால் என் தலைமாட்டைத் தட்டினேன்.

"இங்க."

அவர் கிளாஸை என் தலைமாட்டில் வைத்தார். வைத்துவிட்டு, பெட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து வெள்ளி நாக்கை மாதா காலடியில் திரும்ப வைத்தார்.

"ஆச்சி சொன்ன பொம்பளையை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். நான் சரி என்று தலையை ஆட்டியதும்தான் நகர்ந்தார்.

பெட்டியிலிருந்து என் நீலச் சேலையை எடுத்தார். அலமாரிக் கதவைத் திறந்து, சேலையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேல் தட்டுலயா, கீழ் தட்டுலயா?"